எல்விஸ் வேடம் போட்டவர்கள் அல்ல இவர்கள்: ராக்கபில்லி கேட்பவர்களும் வாசிப்பவர்களும் செய்யும் தவறுகள்

கன்ட்ரி இசையும் கறுப்பினத்தவரின் ரிதம் அண்ட் ப்ளூஸும் கலந்து 1950-களின் அமெரிக்காவில் பிறந்த ராக்கபில்லி என்றதும் பளபளக்கும் சட்டையும் எண்ணெய் தடவித் தூக்கி வாரிய முடியுமாக எல்விஸ் வேடக்காரர்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறார். இன்று இந்த இசையை வாசிப்பவர்களையும் அதே கண்ணோடு பார்ப்பதுதான் முதல் தவறு. ஒக்லஹோமாக்காரரான ஜே.டி. மெக்ஃபெர்சன் தன் முதல் ஆல்பத்தை டபுள் பேஸ் (நிற்க வைத்து வாசிக்கும் பெரிய பேஸ்) கலைஞர் ஜிம்மி சட்டனோடு சேர்ந்து சிகாகோவில் பதிவு செய்தார். 2010-இல் வந்த அந்த ஆல்பத்தின் ஒலி பழையது, பெரும்பாலான பாடல்கள் புதியவை. இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஹன்டரும் அப்படித்தான். ஐம்பதுகளின் ரிதம் அண்ட் ப்ளூஸ் குரலில் தன் சொந்தப் பாடல்களைப் பாடுகிறார்.

ரிதம் அண்ட் ப்ளூஸின் சுருக்கமான ‘ஆர் அண்ட் பி’ என்று தேடிவிட்டு, வருவது வேறு மாதிரி இருக்கிறதே என்று விட்டுவிடுவது அடுத்த தவறு. அந்தப் பெயர் 1949-இல் பில்போர்டு என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையில், கறுப்பினத்தவரின் இசைத்தட்டுகளுக்கான பட்டியலுக்கு வந்தது. அதுவரை அந்தப் பட்டியலின் பெயர் ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’. இன்று அதே பெயரில் வருவது வேறு இசை. பழைய துள்ளல் ஆர் அண்ட் பி வேண்டுமென்றால் ‘ஜம்ப் ப்ளூஸ்’ என்று தேடுங்கள், லூயிஸ் ஜோர்டன், ரூத் பிரவுன், வைனோனி ஹாரிஸ் கிடைப்பார்கள்.

என்னை மிகவும் வருத்தும் தவறு, இதை வெள்ளையர்களின் இசை என்று நினைப்பது. 1954 ஜூலையில் மெம்ஃபிஸின் சன் நிறுவனம் வெளியிட்ட எல்விஸின் முதல் இசைத்தட்டில் ஒரு பக்கம் பில் மன்றோவின் புளூகிராஸ் (கன்ட்ரி இசையின் ஒரு வகை) பாட்டு. மறுபக்கம் ஆர்தர் குருடப் என்ற கறுப்பினக் கலைஞரின் ப்ளூஸ். குருடப் 1974-இல் இறக்கும்வரை அவருக்குச் சேர வேண்டிய ராயல்டி ஒழுங்காக வந்து சேரவில்லை. ராக்கபில்லி பிடித்தவர்கள் அவருடைய மூலப் பதிவைத் தேடிக் கேட்க வேண்டும். அதுபோல, பெண்களை விட்டுவிட்டுப் பட்டியல் போடுவதும் தவறு: ஐம்பதுகளிலேயே பாடிய வாண்டா ஜாக்சன் முதல் டப்ளினின் இமெல்டா மே வரை கேட்க நிறைய இருக்கிறது.

சரி, வாசிக்க ஆசைப்படுபவர்களுக்கு வருவோம். பழைய கிரெட்ச் நிறுவனக் கிட்டார் வாங்கினால் ஒலி தானாக வந்துவிடாது. இந்த இசை பேஸிலிருந்துதான் எழும்புகிறது. எல்விஸின் அந்த முதல் பதிவில் டிரம்ஸே கிடையாது. அதில் வாசித்த பில் பிளாக் டபுள் பேஸின் தந்தியை இழுத்து விட, அது மரத்தில் மோதி ‘டக்’ என்று விழும். அந்த ‘டக்’தான் அங்கே டிரம்ஸ். அதனால் எலக்ட்ரிக் பேஸை வைத்துக்கொண்டு, மேலே பெரிய டிரம்ஸ் செட்டை இடிக்கவிட்டால் பாட்டு கனத்துப் போகும். ஸ்ட்ரே கேட்ஸ் குழுவின் ஸ்லிம் ஜிம் ஃபான்டம் சின்னஞ்சிறு செட்டை நின்றுகொண்டே வாசிப்பதைப் பாருங்கள், எவ்வளவு குறைவாக வாசிக்கிறார் என்பது புரியும். பில் பிளாக் போலத் தந்தியை இழுத்து விட்டு வாசிக்கும் முறைக்கு ஸ்லாப் என்று பெயர்; டபுள் பேஸில் இரும்புத் தந்தியோடு அதைப் பழகாதீர்கள், விரல் கொப்பளித்துவிடும். குடல் நரம்புத் தந்தியோ நைலான் தந்தியோ போதும்.

எதிரொலியை அள்ளிக் கொட்டுவதும் வழக்கமான தவறு. சன் நிறுவனத்தை நடத்திய சாம் ஃபிலிப்ஸ் தன் ஸ்டுடியோவில் இரண்டு டேப் இயந்திரங்களை வைத்து உண்டாக்கியது ஒரு குட்டி எதிரொலிதான். எதிரொலி உண்டாக்கும் டிலே பெடலில் சுமார் 130 மில்லி வினாடி, ஒரே ஒரு முறை திரும்பும்படி வைத்தால் கிட்டத்தட்ட அங்கே போய்விடலாம். அதற்கு மேல் போனால் குகைக்குள் பாடுவது போல ஆகிவிடும்.

அப்புறம், பதிவு செய்த பிறகு கம்ப்யூட்டரில் தாளத்தை நேராக்காதீர்கள். ஐம்பதுகளின் பல பதிவுகளில் டிரம்ஸ் ஸ்விங்கில் (ஜாஸ் போல ஊசலாடும் தாளத்தில்) ஆட, கிட்டார் நேராகப் போகும். இரண்டும் லேசாக உரசும் அந்த இடத்தில்தான் கால் தானாக ஆடத் தொடங்குகிறது. கம்ப்யூட்டரின் தாளக் கட்டத்துக்குள் இழுத்து வைத்தால் அந்த உரசல் போய்விடும். முடிந்தால் எல்லோரும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்து, அப்படியே பதிவு செய்யுங்கள்.