பிள்ளை சொல்ல வரும்போது பதறாமல் இருக்க: பெற்றோருக்கான கவனப் பயிற்சி

பதின்ம வயதுப் பிள்ளை வெளியே என்ன செய்கிறான், யாரோடு சுற்றுகிறான் என்பதெல்லாம் பெற்றோருக்கு எப்படித் தெரிய வருகிறது? கண்காணிப்பதால்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் ஆராய்ந்த ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற உளவியலாளர்கள் 2000ஆம் ஆண்டில் வேறு விடையைச் சொன்னார்கள். பெற்றோருக்குத் தெரிந்திருந்தவற்றில் பெரும்பகுதி, பிள்ளைகள் தாங்களாகவே வந்து சொன்னவை. துருவித் துருவிக் கேட்டுப் பெற்றது கொஞ்சம்தான்.

சிகரெட், மது, கஞ்சா, வலி மாத்திரை என எதிலிருந்து பிள்ளையைக் காக்க நினைத்தாலும் தொடங்க வேண்டிய இடம் இதுதான். அவன் வீட்டில் வாய் திறக்க வேண்டும். திறந்தால் என்ன நடக்கும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். களைத்து வந்த அப்பா இரண்டாவது வார்த்தையிலேயே கையை ஓங்குவார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுவார். அன்றிரவே சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் போன் போகும். இவ்வளவும் தெரிந்த பிள்ளை எதற்காகச் சொல்லப்போகிறான்?

ஆகவே இந்தப் பயிற்சி பிள்ளைக்கானதல்ல. அவன் சொல்லி முடித்த பிறகு வரும் முதல் பத்து நொடிகளில் உங்களுக்கு உதவுவதற்கானது. அந்தந்த நொடியில் நடப்பதை அப்படியே கவனிக்கும் பயிற்சி இது. மைண்ட்ஃபுல்னஸ் என்ற பெயரில் இன்று பரவியிருக்கும் இந்த முறையை, ஜான் கபாட்-ஜின் 1979இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் நோயாளிகளுக்காகத் தொடங்கினார். 2009இல் லாரிசா டங்கனும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதைப் பெற்றோருக்கென வகுத்தபோது, முழுக் கவனத்தோடு கேட்பதை ஐந்து கூறுகளில் ஒன்றாக வைத்தார்கள். மந்திரம், ஆசனம், ஊதுபத்தி எதுவும் இதற்கு வேண்டியதில்லை.

படி 1: கோபம் உடம்பில் எங்கே ஏறுகிறது?

முதல் சில நாட்கள் எதையும் மாற்ற வேண்டாம், கவனித்தால் போதும். ஒருவருக்குத் தாடை இறுகும், இன்னொருவருக்குக் காது சூடேறும், வேறொருவருக்கு வயிற்றில் பிசையும். குரல் உயர்வதற்கு முன்பே உடம்பு தகவல் கொடுத்துவிடுகிறது. எந்த நேரத்தில் அது நடக்கிறது என்பதையும் பாருங்கள். பல வீடுகளில் அது மாலை ஏழு மணிக்கு மேல்தான். சமையல், டியூஷன், அலுவலக வாட்ஸ்அப், மாமியாரின் மருந்து எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும் நேரம் அது.

படி 2: தினம் ஐந்து நிமிடம்

நாற்காலியில் உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில் படியட்டும். கண்ணை மூடலாம், மூடாமலும் இருக்கலாம். மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மூக்கிலோ வயிற்றிலோ உணருங்கள். அதை அடக்கவோ எண்ணவோ வேண்டாம்.

அரை நிமிடத்திற்குள் மனம் கரண்டு பில்லுக்கோ பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கோ ஓடிவிடும். அங்கேதான் பலர் "எனக்கு இது வராது" என்று எழுந்துவிடுகிறார்கள். ஓடிய மனத்தைக் கவனித்து மறுபடி மூச்சுக்குக் கொண்டுவருவதுதான் பயிற்சியே. ஐந்து நிமிடத்தில் இருபது முறை ஓடினால் இருபது முறை பயிற்சி செய்தீர்கள் என்று கணக்கு. காலையில் வீடு எழும் முன் செய்வது எளிது. மூச்சைக் கவனித்தால் படபடப்பு கூடுகிறது என்பவர்கள் அதை விட்டுவிட்டுப் பாதம் தரையில் படுவதையோ தெருச் சத்தத்தையோ கவனிக்கலாம்.

படி 3: வாசலில் மூன்று மூச்சு

வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுமுன் மூன்று முறை மெதுவாக மூச்சு விடுங்கள். வெளிமூச்சு சற்று நீளமாக இருக்கட்டும். அப்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும். மேலாளர் மேல் வந்த கோபத்தை மகள் மேல் இறக்காமலிருக்க இந்த அரை நிமிடம் பல நாட்கள் உதவும்.

படி 4: மதிப்பெண் இல்லாத பத்து நிமிடம்

பிள்ளையோடு தினம் பத்து நிமிடம் பேசுங்கள். படிப்பு, மார்க், பக்கத்து வீட்டுப் பையன் ஆகிய மூன்றுக்கும் அங்கே இடமில்லை. போனை வேறு அறையில் வையுங்கள். எதிரெதிரே உட்கார்ந்து "சொல்லு, உன் பிரச்சினை என்ன?" என்று கேட்டால் எந்தப் பதினைந்து வயதுக்காரனும் பேச மாட்டான். வண்டியில் போகும்போதும், துணி மடிக்கும்போதும், இரவு தோசை வார்க்கும்போதும்தான் பேச்சு வரும். அவன் கிரிக்கெட்டைப் பற்றியே பேசினாலும் கேளுங்கள். நடுவில் அறிவுரை நாக்கு நுனிக்கு வரும். வந்ததைக் கவனியுங்கள், விழுங்கிவிடுங்கள்.

படி 5: அந்தப் பத்து நொடி

ஒருநாள் மகள் சொல்கிறாள்: "அம்மா, எங்கள் வகுப்புப் பையன் உதட்டுக்குள் புகையிலைப் பொட்டலம் வைத்துக்கொண்டு வந்தான்." பெரும்பாலும் பிள்ளைகள் முதலில் நண்பனைப் பற்றித்தான் சொல்வார்கள். அது உங்களை அளந்து பார்ப்பது. இதற்கே வீடு அதிர்ந்தால், தன்னைப் பற்றிய பேச்சு வெளியே வராது.

தாடை இறுகுவது தெரிந்தவுடன் பாதத்தைத் தரையில் அழுத்துங்கள். ஒரு நீண்ட வெளிமூச்சு விடுங்கள். "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். இந்தக் கோபத்தின் அடியில் இருப்பது பெரும்பாலும் பயம்தான். அதற்குப் பிறகு வாய் திறங்கள்: "சொன்னது நல்லதாயிற்று, கண்ணு. அப்புறம் என்ன நடந்தது?"

"யார் அந்தப் பையன், இப்போதே அவன் அப்பாவிடம் பேசுகிறேன்" என்பது நியாயமான ஆத்திரம்தான். ஆனால் அதைக் கேட்ட மகள் அடுத்த முறை வாய் திறக்க மாட்டாள். செய்ய வேண்டியதை அவளோடு கலந்து நாளை செய்யலாம். அன்றிரவு கேட்டு முடிப்பது மட்டும் போதும்.

தன்னைப் பற்றியே சொன்னாலும் இதே வரிசைதான். பதில் வராவிட்டால், "எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும், அரை மணி நேரத்தில் பேசலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போங்கள். சொன்ன நேரத்தில் திரும்பி வாருங்கள், அது முக்கியம்.

படி 6: விதியைத் தெளிவாகச் சொல்லுங்கள்

நிதானம் என்றால் விட்டுக்கொடுப்பது என்று சில தந்தைகள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. "இந்த வீட்டில் பதினெட்டு வயதுக்குள் மது, புகையிலை, கஞ்சா எதுவும் கிடையாது" என்பதை அமைதியான குரலில், சண்டை இல்லாத நாளில் சொல்லுங்கள். மீறினால் என்ன என்பதையும் முன்பே சொல்லுங்கள். சொன்னதைச் செய்யுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

பட்டியலில் ஒயிட்னரையும் பஞ்சர் ஒட்டும் பசையையும் சேருங்கள். எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாகக் காணப்பட்ட ஒரே வகை, முகர்ந்து போதை ஏற்றும் பொருள்கள்தான். 10 முதல் 17 வயது வரையில் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58. அவை ஸ்டேஷனரிக் கடையிலேயே கிடைக்கின்றன.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. மகனைப் பெட்டிக்கடைக்கு அனுப்பி சிகரெட் வாங்கிவரச் சொல்லாதீர்கள். 18 வயதுக்குட்பட்டவருக்குப் புகையிலை விற்பது 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தக் கடைக்காரரோடு அவனுக்கு அறிமுகம் ஏற்படுத்திக் கொடுத்தது யார் என்று பிறகு யோசிக்க வேண்டிவரும்.

படி 7: கத்திவிட்டால்

கத்துவீர்கள். பயிற்சி செய்கிறவர்களும் கத்துகிறார்கள். கோபம் ஆறியதும் போய், "நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது" என்று சொல்லுங்கள். அதற்குப் பின்னால் "ஆனால் நீயும்" என்று சேர்த்தால் அது மன்னிப்பு ஆகாது. மறுநாள் காலை ஐந்து நிமிடத்துக்குத் திரும்புங்கள்.

பழக்கம் தொடங்கிவிட்டிருந்தால்

அப்போது மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது, மருத்துவர் தேவை. மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416. இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளுக்கு நேரடியாகவும் போகலாம். போலீஸ் வழக்காகிவிடுமோ என்று பல பெற்றோர் தயங்குகிறார்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையான ஒருவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சையை முழுமையாக எடுத்துக்கொண்டால், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ அவர்மேல் வழக்குத் தொடர்வதிலிருந்து அது பாதுகாப்பு தருகிறது.

தினமும் மது குடிப்பதோ வலி மாத்திரை போடுவதோ பழகிவிட்ட பிள்ளையை அறையில் பூட்டி வைத்து ஒரேயடியாக நிறுத்த முயலாதீர்கள். திடீரென நிறுத்தினால் உடல்நிலை மோசமாகலாம், மதுவில் வலிப்புகூட வரலாம். எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மந்தமாக இருக்கிறது என்றால் உடனே 108ஐ அழையுங்கள். அருகில் கிடக்கும் மாத்திரை அட்டையையோ பாட்டிலையோ கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.