அதிபர் பதவிக்கு என் விண்ணப்பக் கடிதம்

மூதூர்ப் பக்கம் ஒரு பாடசாலையில் அதிபர் வெற்றிடம் வந்தது. சேவைக்காலம், பட்டம், டிப்ளோமா எல்லாம் விண்ணப்பப் படிவத்திலேயே இருப்பதால், கடிதத்திலிருந்து அவற்றை வெட்டிவிட்டேன். அவற்றுக்குப் பதிலாக, இப்போதைய பாடசாலையில் பகுதித் தலைவராக (சில வகுப்புகளுக்குப் பொறுப்பான ஆசிரியராக) நான் செய்த ஒரு வேலையை மட்டும் விரித்து எழுதினேன். கரையிலிருந்து வலை இழுத்து மீன்பிடிக்கும் கரைவலைக் காலத்தில் தரம் 10 பிள்ளைகளின் வரவு குறைந்தது, வீடு வீடாகப் போய்ப் பெற்றோருடன் கதைத்தது, மாலை வகுப்பு வைத்தது, கடைசியில் அவர்கள் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றியது. அப்புறம் புதிய பாடசாலையில் முதல் தவணைக்குள் செய்யக்கூடியதை ஒரு பந்தியில் சொன்னேன். அதற்கு மேல் வாக்குறுதி கொடுக்க நான் என்ன தேர்தலிலா நிற்கிறேன்? சேவையில் இருப்பதால் என் அதிபர் ஊடாகவே வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அனுப்பினேன். நேர்முகப் பரீட்சையில் அந்த வரவுக் கதையைத்தான் துருவித் துருவிக் கேட்டார்கள்.