போயா விடுமுறையில் நட்சத்திரம் பார்க்கப் போகாதீர்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பாடசாலைகள் பிள்ளைகளை இரவு வானம் பார்க்கக் கூட்டிப்போகும்போது முதலில் பிழைப்பது திகதி. விடுமுறை என்பதால் போயாவைத் தெரிவு செய்கிறார்கள். போயா என்றால் முழுநிலவு. அது அரைநிலவைவிட இரண்டு மடங்கு அல்ல, ஏறத்தாழப் பத்து மடங்கு பிரகாசம். பால்வீதி இருந்த இடமே தெரியாது. சரி, சந்திரனையாவது பார்ப்போம் என்றால் அதன்மீது வெயில் நேராக விழுகிற நாள் அது. நிழல் இல்லாததால் குழிகள் தட்டையாகிவிடும். அமாவாசை கழிந்து மூன்றாம், நான்காம் பிறை வருகிற வெள்ளிக்கிழமையைப் பாருங்கள். முன்னிரவில் பிறையின் உள்விளிம்பில் குழிகளின் நிழலைக் காட்டலாம். ஒன்பது, ஒன்பதரைக்குள் நிலவும் மறைந்துவிடும்.

மாதத்தையும் யோசிக்க வேண்டும். சிலியின் அற்றகாமா பாலைவனத்தில், 2,635 மீற்றர் உயரப் பரனல் மலையில் பெருந்தொலைநோக்கிகளை நிறுவியதற்குக் காரணம் அங்கே காற்றில் ஈரமும் முகிலும் மிகக் குறைவு என்பதுதான். நமக்கோ ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மாரி. கச்சான் வீசும் மே முதல் ஓகஸ்ட் வரையான காலம் பரவாயில்லை.

அதற்காகப் பாலைவனம் இல்லையே என்று ஏங்கத் தேவையில்லை. அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் தென்சிலுவை என்ற நட்சத்திரக் கூட்டம் முழுதாக எழுவதே இல்லை. நமக்கு மே நடுப்பகுதியில், இரவு ஒன்பது மணிக்கு, தெற்கே அடிவானத்திலிருந்து நீட்டிய கையில் பொத்திய முட்டி இரண்டின் உயரத்தில் அது நிற்கும். ஆனால் வடநாடுகளுக்கு அச்சிட்ட வான்வரைபடத்தைக் கொண்டுபோனால் பிள்ளைகள் குழம்புவார்கள். அதில் துருவ நட்சத்திரம் பாதி வானம் ஏறியிருக்கும். மட்டக்களப்பு அகலாங்கு சுமார் 7.7 பாகை, அந்த நட்சத்திரம் இங்கே அவ்வளவு உயரத்தில்தான், பெரும்பாலும் கடற்புகாருக்குள். அது வானத்திலேயே மிகப் பிரகாசமானது என்று சொல்லிக் கொடுப்பதும் தவறு. அந்த இடம் சிரியசுக்கு உரியது.

இடம் தெரிவு செய்யுமுன் ஓர் இரவு போய் எந்தத் திசையில் வெளிச்சம் என்று பாருங்கள். கல்லடிக் கரையில் கிழக்கு நல்ல இருட்டு. தெற்கே காத்தான்குடியின் வெளிச்சம், தென்சிலுவை நிற்கும் பக்கத்திலேயே.

தொலைநோக்கி ஒன்று, பிள்ளைகள் நாற்பது பேர் என்றால் வரிசையில் நின்றே இரவு போய்விடும். இதுதான் எனக்கு மிகவும் வருத்தமான தவறு, ஏனென்றால் வெறுங்கண்ணுக்கே அவ்வளவு இருக்கிறது. கல்யாண வீட்டில் பகலில் பேருக்குக் காட்டுகிற அருந்ததியை, வசிட்டருக்குப் பக்கத்தில் உண்மையாகவே பிரித்துப் பார்க்கட்டும். மே மாதம் பத்து மணிக்கு அது வடக்கே உயரத்தில் இருக்கும். ஒரு சாதாரண பைனாகுலர் போதும், தெற்கே ஒமேகா சென்டோரி விண்மீன் கொத்து மங்கிய பஞ்சுபோல் தெரியும். தொலைநோக்கி வைப்பதானால் கால்களுக்குக் கீழே பலகைத் துண்டு போடுங்கள், மணலில் புதையும். உருப்பெருக்கத்தையும் கூட்டிக்கொண்டே போக வேண்டாம், படம் மங்கி ஆடும்.

கண் இருளுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் எடுக்கும். ஒரு போன் வெளிச்சம் அதைக் கெடுத்துவிடும், ஆசிரியருடைய போனும்தான். டோர்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றுங்கள்.

பொத்துவில் மணல்மேடுகளுக்குப் போகிறவர்கள் லாகுகல வழியாக இரவோடிரவாகத் திரும்ப நினைக்க வேண்டாம். அது யானை நடமாடும் பாதை. தங்குமிடத்தை ஒழுங்கு செய்தபிறகே பெற்றோரிடம் சம்மதக் கடிதம் கேளுங்கள்.