வீட்டில் ஜிஞ்சர் பீர்: ஐஸை உள்ளே போடாதீர்கள்

வெயில் ஏறிவிட்டால் ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் யாராவது ஒருவர் ஜிஞ்சர் பீர் போடக் கிளம்பிவிடுகிறார். பார்லி பீரைப் பற்றி நான் பேசவில்லை. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் அதை வீட்டில் காய்ச்சக் கூடாது. இது இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை சேர்த்து, ஓரிரு நாள் மட்டும் புளிக்கவிட்டு, போதைச் சத்து ஏறும் முன்பே ஃப்ரிட்ஜுக்குள் போகிற பானம். பாத்திரத்தைச் சுத்தமாகக் கழுவ வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களே திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகள் வேறு.

கஷாயத்துக்குள் ஐஸ் போடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. இஞ்சிக் கஷாயம் கொதித்து இறங்கியதும் சீக்கிரம் ஆற வேண்டும். 50 டிகிரிக்கு மேல் சூடு இருந்தால் ஈஸ்ட் செத்துவிடும். 30 டிகிரி பக்கம் வந்த பிறகுதான் ஸ்டார்ட்டரை, அதாவது ஈஸ்ட் வளர்ந்த புளிப்புக் கரைசலை, ஊற்ற வேண்டும். ராத்திரி முழுக்க ஆறட்டும் என்று விட்டாலோ, மே மாதப் புழுக்கத்தில் வெகுநேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். வேண்டாத கிருமிகள் முந்திக்கொள்ளும். இந்த அவசரத்தில்தான் கை ஐஸுக்குப் போகிறது.

பழைய வண்ணாரப்பேட்டையில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன், அக்கா நிச்சயதார்த்தத்துக்காக ஒரு பெரிய குண்டான் நிறையப் போட்டான். காசிமேட்டில் மீனுக்கு வாங்குகிற ஐஸ் பாரை உடைத்து அதற்குள் கொட்டிவிட்டான். கேட்டால், “கழுவிட்டுத்தான் போட்டேன்ணா” என்கிறான். கழுவினால் போவது மேலே ஒட்டிய அழுக்குதான். அந்த ஐஸைக் குடிக்கிற தண்ணீரில்தான் செய்திருப்பார்கள் என்று நம்ப முடியாது. உணவில் சேர்க்கக் கூடாத ஐஸில் நீலச் சாயம் கலக்க வேண்டும் என்று 2018-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டதே இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். கொதிக்கவைத்துக் கிருமியைக் கொன்றுவிட்டு, அதே குண்டானில் புதிதாகக் கிருமியைக் கொட்டலாமா? மறுநாள் மேலே வழவழவென்று ஏடு, கெட்ட வாடை. இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை எல்லாம் சாக்கடைக்குப் போயின. விருந்தாளி யாரும் குடிப்பதற்கு முன் தெரிந்ததே, அது பெரிய விஷயம்.

ஐஸ் வெளியே இருக்கட்டும். குண்டானை மூடி, அன்னக்கூடையில் தண்ணீர் ஊற்றி அதற்குள் இறக்குங்கள். வெறும் தண்ணீரை இரண்டு மூன்று தரம் மாற்றினாலே பெரும்பகுதிச் சூடு இறங்கிவிடும். ஆனால் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரே கோடையில் சுடும். அது ஓர் அளவுக்கு மேல் ஆற்றாது. அப்போதுதான் ஐஸ். 1 கிலோ ஐஸ் உருகினால் 5 லிட்டர் தண்ணீரின் சூடு கணக்குப்படி 16 டிகிரி குறையும். அன்னக்கூடைத் தண்ணீரும் சேர்ந்து குளிர வேண்டும் என்பதால் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே போட்டால் அத்தனையும் வீண். அவ்வப்போது சுத்தமான கரண்டியால் கிளறினால் சீக்கிரம் ஆறும்.

நாள் கணக்கில் புளிக்கவைப்பது

குளிர் நாட்டுக் குறிப்பில் ஐந்து நாள் என்று இருந்தால் அது அவர்கள் வீட்டுக்கு, 20 டிகிரிக்கு. நம் வீட்டு 33 டிகிரியில் ஒன்றரை நாளிலேயே வாயு நிரம்பிவிடலாம். பிளாஸ்டிக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி, காலையும் மாலையும் விரலால் அமுக்கிப் பாருங்கள். அமுங்கவில்லையா, உடனே ஃப்ரிட்ஜ்.

கண்ணாடி பாட்டில்

வேண்டாம். வெடித்தால் கண் போய்விடும்.

கோலி சோடா பாட்டில்

ஆசை புரிகிறது. பாட்டிலைத் தலைகீழாக வைத்து, அழுத்தத்தில் வாயு ஏற்றினால்தான் கோலி வந்து வாயை அடைக்கும். அதற்கு மெஷின் வேண்டும்.

குளிராமல் திறப்பது

வாயு குளிர்ச்சியில்தான் பானத்துக்குள் அடங்கி நிற்கும். வெதுவெதுப்பாகத் திறந்தால் பாதி நுரையாக வெளியே போய்விடும். ஒரு நாள் முழுக்க ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். அப்புறம் மூடியைக் கொஞ்சமாகத் திருகி, உஸ் சத்தம் அடங்கியபின் முழுதாகத் திறந்து, கிளாஸைச் சாய்த்து ஊற்றுங்கள். அத்தோவுக்கு, அதாவது பர்மா நூடுல்ஸுக்கு, இதைவிடப் பொருத்தமான பானம் எனக்குத் தெரியாது. அடியில் படிந்த ஈஸ்ட் வண்டல் மட்டும் பாட்டிலிலேயே நிற்கட்டும்.