பழைய பார்க்கெட் தரையைப் புதுப்பிப்பது எப்படி? (சாமி மேடை எண்ணெய்க் கறை உள்பட)

கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் பழைய வீடு வாங்குகிறவர்கள் பலர் ஹாலில் இருக்கும் பார்க்கெட் தரையின் (மரத்துண்டுகளை ஒட்டிய தரை) மேல் வினைல் பலகையைப் போட்டு மூடிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கீழே கிடப்பது மெர்பாவ் மரமாக இருந்தால், அதே தரத்தில் புதிதாகப் போட இன்று கையைக் கடிக்கும். 2019-இல் மலேசியாவின் தேசிய மரமாக அறிவித்தார்களே, அதே மரம்தான். மெர்பாவா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மேல்பூச்சு போன இடத்தில் ஈர வெள்ளைத் துணியைக் கொஞ்ச நேரம் வைத்து எடுங்கள். துணியில் செம்பழுப்புச் சாயம் இறங்கியிருந்தால் பெரும்பாலும் மெர்பாவ்தான்.

தேய்க்கலாமா என்று பார்ப்பது

தரையை நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். ‘டொக்கு டொக்கு’ என்று வெற்றுச் சத்தம் வந்தால் அந்தத் துண்டு பசை விட்டிருக்கிறது. அதைப் பெயர்த்து எடுத்துப் பக்கவாட்டில் பார்த்தால் மரம் எவ்வளவு தடிமன் என்று தெரியும். எங்கள் வீட்டில் இருந்தது, சின்னத் துண்டுகளைப் பாய் முடைந்த மாதிரி அடுக்கிய வகை. இதில் தடிமன் 8 மில்லிமீட்டர்தான் இருக்கும்; ஓரிரு முறை சாண்ட்பேப்பர் மெஷினால் தேய்க்கத் தாங்கும். ஒட்டுப்பலகையின் மேல் மெல்லிய மரத்தோல் ஒட்டிய தரையென்றால், அந்தத் தோல் 2 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் மெஷினைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள்.

அடியில் கறுப்புத் தார்ப்பசை இருந்தால் அதைத் தேய்க்கவோ சுரண்டவோ கூடாது. பழைய தார்ப்பசைகள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தும்போது மரம் பொதபொதவென்று உள்ளே போனால் கரையான். முதலில் மருந்தடிக்கிற ஆளைக் கூப்பிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

தேய்ப்பது

கடைக்காரர் பெரிய டிரம் சாண்டரை (உருளையில் சாண்ட்பேப்பர் சுற்றிய மெஷின்) வாடகைக்குத் தள்ளப் பார்ப்பார். பாய் முடைந்த வகைத் தரைக்கு அது வேண்டாம். துண்டுகளின் மரவரி இரண்டு திசையிலும் ஓடுவதால், எந்தப் பக்கம் இழுத்தாலும் பாதித் துண்டுகளில் குறுக்குக் கீறல் விழும். சுழன்று அதிரும் ஆர்பிட்டல் சாண்டரே போதும். நேரம் பிடிக்கும், முழங்காலும் வலிக்கும், ஆனால் கீறல் தெரியாது. சாண்ட்பேப்பரில் 60, 80, 120 எண் என்று வரிசையாகப் போங்கள், நடுவில் ஒன்றைத் தாண்டாதீர்கள். தூசிப் பையை அன்றன்றே வீட்டுக்கு வெளியே கொட்டிவிடுங்கள். பழைய வார்னிஷ் கலந்த தூள் குவிந்து கிடந்தால் தானே சூடேறித் தீப்பிடிப்பதுண்டு.

எண்ணெய்க் கறை

இதைப் பற்றி ஆங்கில வீடியோக்களில் ஒரு வார்த்தை கிடையாது. ஹால் மூலையில் சாமி மேடை இருந்த வீடுகளில் பல வருஷத்து விளக்கு எண்ணெய் மரத்துக்குள் ஊறியிருக்கும். தேய்த்ததும் சுத்தமாகத் தெரியும். மறுநாள் பார்த்தால் உள்ளிருந்து கசிந்து மறுபடி கறுத்துக் கிடக்கும். அதன்மேல் வார்னிஷ் அடித்தால் குழிகுழியாக விலகி நிற்கும். காய்ந்த பிறகும் நகத்தால் கிள்ளினால் உரிந்து வரும்.

எனக்குக் கைகொடுத்தது முல்தானி மிட்டி. ஆமாம், முகத்துக்குப் போடுவதுதான். மஸ்ஜித் இந்தியா பக்கக் கடைகளில் கிடைக்கும். அதை மினரல் டர்பன்டைன் (பெயின்ட் கரைக்கிற திரவம்) விட்டு இட்லி மாவைவிடக் கெட்டியாகக் குழைத்து, கறைமேல் விரல் மொத்தத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு ராத்திரி விடுங்கள். ஜன்னலெல்லாம் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் விளக்கோ ஊதுபத்தியோ கூடாது. காலையில் தாளை எடுத்துவிட்டு நன்றாகக் காயவிட்டால், மண் எண்ணெயை உறிஞ்சிப் பழுப்பேறியிருக்கும். சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் டிஷ்யூவை வைத்து, மேலே கனமாக எதையாவது ஏற்றி ஒரு ராத்திரி விடுங்கள். டிஷ்யூவில் எண்ணெய்ப் பசை தெரிந்தால் மறுபடி அப்ப வேண்டியதுதான். தெரியாமல் போன பிறகு, மெழுகு நீக்கிய ஷெலாக் (அரக்குப் பூச்சு) ஒரு கோட் அடியுங்கள். மிச்சமீதி எண்ணெய் மேலே வராமல் அது தடுக்கும்.

மஞ்சள் கறைக்கு இவ்வளவு பாடு இல்லை. வெயில் படுகிற இடமாக இருந்தால் தானே வெளுத்துவிடும்.

பூச்சு

தண்ணீர் அடிப்படையிலான (வாட்டர்-பேஸ்டு) பாலியூரித்தேன், பளபளக்காத மேட் வகை, மூன்று கோட். விலை கூடுதல்தான், ஆனால் வாடை குறைவு, சீக்கிரம் காயும். பளபளப்பு வகை எனக்குப் பிடிக்காது. ஒவ்வொரு கால் தடமும் தெரியும். கோட்டுக்கு நடுவில் 220 எண் சாண்ட்பேப்பரால் லேசாகத் தடவித் தூசியைத் துடையுங்கள். கோலாலம்பூரில் மழை அதிகமும் பிற்பகலில்தான் கொட்டும் என்பதால், காலையிலேயே அடித்து முடித்துவிடுவது நல்லது.

பின்சேர்க்கை: பினாங்கிலிருந்து ஒருவர், ஜார்ஜ்டவுன் கடைவீட்டு மாடிப் பலகைத் தரைக்கும் இதே முறையா என்று கேட்டிருந்தார். தேய்ப்பதும் பூச்சும் இதேதான். ஆனால் அங்கே பலகைகள் உத்தரத்தின் மேல் நேராக ஆணியடித்துக் கிடக்கும். ஆணித் தலைகளைப் பஞ்ச் வைத்துத் தட்டி உள்ளே இறக்காமல் மெஷினை ஓட்டினால் சாண்ட்பேப்பர் கிழியும், தீப்பொறியும் பறக்கும். இடுக்குகளில் புட்டி அடைக்காதீர்கள். பலகை ஈரத்துக்கு உப்பிச் சுருங்கும்போது புட்டி நொறுங்கிக் கீழ்த்தளத்தில் கொட்டும். கீழே யாராவது குடியிருந்தால், சாமான்களை மூடி வைக்கச் சொல்லிவிட்டே வேலையை ஆரம்பியுங்கள்.