அந்தமானில் ஓய்வாக ஒரு கடற்கரை விடுமுறை: முதல்முறை போகிறவர்கள் திட்டமிடுவது எப்படி?

அந்தமான் டூர் பேக்கேஜ் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் அட்டவணைகளில் ஒன்றை எடுத்துப் படித்துப் பாருங்கள். விடியற்காலை 3 மணிக்கு பாராடாங், மறுநாள் காலை படகு, இறங்கிய கையோடு காலாபத்தர், மதியம் ராதாநகர், அடுத்த நாள் இன்னொரு தீவு. படிக்கும்போதே கால் வலிக்கும். கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடக்கவேண்டும் என்பதுதான் உங்கள் ஆசையென்றால், அந்த அட்டவணையை மூடி வைத்துவிட்டு நீங்களே திட்டம் போடுங்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. சென்னையிலிருந்து தலைநகர் போர்ட் பிளேருக்கு நேரடி விமானத்தில் சுமார் இரண்டேகால் மணி நேரம்தான். போர்ட் பிளேர், ஹேவ்லாக் தீவு, நீல் தீவு இந்த மூன்றுக்கும் இந்தியர்களுக்குத் தனி அனுமதிச் சீட்டு தேவையில்லை, ஆதார் மாதிரி ஓர் அடையாள அட்டை போதும். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விதிகள் வேறு, அவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெயர்க் குழப்பம் வராமல் இருக்க ஒரு வார்த்தை. போர்ட் பிளேருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர். ஹேவ்லாக் 2018 கடைசியில் ஸ்வராஜ் த்வீப் ஆனது, நீல் தீவு ஷஹீத் த்வீப் ஆனது. டிக்கெட் போடும் தளங்களில் இரண்டு பெயரும் வரும், பயந்துவிடாதீர்கள். நான் இங்கே பழைய பெயரிலேயே எழுதுகிறேன்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

பிப்ரவரி, மார்ச் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். கடல் அமைதியாக இருக்கும், தண்ணீர் தெளிவாக இருக்கும். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை விமானம், படகு, அறை எல்லாம் விலை ஏறிக் கிடக்கும், கூட்டமும் அப்படித்தான். பிள்ளைகளின் கோடை விடுமுறையில்தான் முடியும் என்றால் ஏப்ரலிலோ மே முதல் வாரத்திலோ போய்வந்துவிடுங்கள். தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்கு முன்பே அந்தமானைத் தொட்டுவிடும், வழக்கமாக மே மூன்றாம் வாரத்தை ஒட்டி. அதற்கப்புறம் கடல் கொந்தளிப்பாக இருக்கும், படகுகள் ரத்தாகும்.

2. திரும்பும் விமானத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்

எல்லோரும் போகும் நாளிலிருந்து திட்டம் போடுவார்கள். தீவு விஷயத்தில் அதைத் தலைகீழாகச் செய்யவேண்டும், ஏனென்றால் ஹேவ்லாக்கிலிருந்து போர்ட் பிளேருக்கு வர படகை விட்டால் சாதாரண ஆளுக்கு வேறு வழி கிடையாது. அந்தப் படகோ வானிலை சரியில்லை என்று காலையில்கூட ரத்தாகலாம். படகை விட்டு இறங்கி அதே நாள் விமானம் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டால், விடுமுறையின் கடைசி இரண்டு நாளும் போனில் வானிலை பார்த்தே கழியும். அதனால் விமானத்துக்கு முந்தைய இரவு போர்ட் பிளேரில் இருந்தே ஆகவேண்டும். இதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

இதை வைத்துப் பார்த்தால் ஐந்து இரவுக்கான திட்டம் தானாகவே வந்துவிடும். முதல் இரவு போர்ட் பிளேர், அடுத்த மூன்று இரவு ஹேவ்லாக், கடைசி இரவு மறுபடியும் போர்ட் பிளேர். ஏழு இரவு கிடைத்தால் மட்டும் நடுவில் நீல் தீவைச் சேருங்கள். ஹேவ்லாக்கிலிருந்து அது ஒரு மணி நேரப் படகுப் பயணம்தான், ஆனால் ஒவ்வொரு தடவை தீவு மாறும்போதும் பெட்டி கட்டுவது, அறையைக் காலி செய்வது, துறைமுகத்தில் காத்திருப்பது என்று அரை நாள் போய்விடும். ஐந்து இரவில் மூன்று தீவு பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், பார்க்கலாம்தான், படுக்க முடியாது.

3. விமானம், அப்புறம் படகு, அதற்கப்புறம்தான் அறை

பலரும் அறையை முதலில் பதிவு செய்துவிட்டுப் படகுக்கு அலைகிறார்கள். சீசனில் முதலில் தீர்வது படகு சீட்டுதான். தனியார் கட்டமரான் படகுகள் (இரட்டை அடிப்பாகம் கொண்ட வேகப் படகுகள்) ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஹேவ்லாக்கில் இறக்கிவிடும், இணையத்திலேயே டிக்கெட் போடலாம், அடையாள அட்டையில் உள்ள பெயரையே கொடுங்கள். அரசுப் படகு மலிவு, சுமார் இரண்டரை மணி நேரம் ஆகும், ஆனால் அது முதலில் தீவு மக்களுக்கானது, நமக்கு இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைத்தால் விடாதீர்கள், மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு நிற்கலாம். தனியார் படகில் பெரும்பாலும் கண்ணாடி அடைத்த ஏசி அறைக்குள்தான் உட்கார்ந்திருக்கவேண்டும், உப்புநீர் காய்ந்து மங்கிய கண்ணாடி வழியாகக் கடல் தெரிவதும் சந்தேகம்தான், குளிர் வேறு அடிக்கும். சால்வை ஒன்று கையில் இருக்கட்டும். பஸ்ஸிலேயே வாந்தி வருகிறவர்கள் டாக்டரிடம் கேட்டு மாத்திரையைப் படகு கிளம்புவதற்கு அரைமணி முன்பே போட்டுக்கொள்ளுங்கள், நடுவரிசைக்குப் பின்னால் இடம் பிடியுங்கள்.

4. அறைக்கு முன்னால் ஓதம் (கடல் ஏறி வற்றும் நேரம்) பாருங்கள்

முதல்முறை போகிறவர்களுக்கு யாரும் சொல்லித்தராத விஷயம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹேவ்லாக்கில் தங்கும் இடங்களில் பெரும்பாலானவை கிழக்குக் கரையில், கோவிந்த நகர், விஜய நகர் பக்கம் இருக்கின்றன. இணையத்தில் போடும் படத்தில் அறை வாசலிலேயே பச்சைத் தண்ணீர் தளும்பும். அது கடல் ஏறியிருக்கும்போது எடுத்தது. அதே இடத்தில் ஆறு மணி நேரம் கழித்துப் போய் நின்றால் கடல் எங்கோ தூரத்தில் இருக்கும், படகுகள் சேற்று மணலில் சாய்ந்து கிடக்கும், காலுக்கடியில் பாறையும் செத்த பவளமும் குத்தும். பார்க்க அழகுதான், குளிக்க முடியாது.

போர்ட் பிளேர் அல்லது ஹேவ்லாக் டைட் டேபிள் (ஓத அட்டவணை) என்று இணையத்தில் தேடினால் உங்கள் தேதிகளுக்கான நேரங்கள் கிடைக்கும். ஒரு நாளைக்குச் சுமாராக இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். காலை 8 மணிக்கு ஏற்றம் என்றால் மதியம் 2 மணிவாக்கில் வற்றம், மறுநாள் அதே ஏற்றம் 8:50 வாக்கில், இப்படி நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். டேபிளைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டுக் காலண்டரே பாதி சொல்லிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நிறைய ஏறி நிறைய இறங்கும். அஷ்டமி, நவமி, தசமி பக்கம் அந்த ஏற்ற இறக்கம் குறைவு. அஷ்டமி நவமியில் பயணம் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் ஒரு நாள் முன்னால் கிளம்பிவிடுங்கள், அங்கே குளிப்பதற்கு அந்த நாட்கள்தான் தோது.

மேற்குக் கரையிலுள்ள ராதாநகருக்கு இந்தத் தொல்லை குறைவு. அகலமான மணல் கரை, அடியிலும் மணல், கடல் வற்றினாலும் இறங்கலாம். சுத்தத்துக்கும் பாதுகாப்புக்கும் தரப்படும் சர்வதேச நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை அது. படகுத்துறையிலிருந்து 12 கிலோமீட்டர் போல இருக்கும். கிழக்கில் தங்கி தினமும் ஸ்கூட்டரிலோ ஆட்டோவிலோ ராதாநகர் போய்வருவது செலவு குறைவு. வயதானவர்கள் உடன் வந்தால் அந்தப் பக்கமே அறை பாருங்கள், தேர்வு குறைவு, வாடகை அதிகம்.

5. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நினைத்துக்கொள்ளுங்கள்

அந்தமான் நம்மைவிட வெகு கிழக்கே இருந்தும் கடிகாரம் என்னவோ இந்திய நேரம்தான். டிசம்பரில் மாலை 5 மணிக்கே சூரியன் இறங்கிவிடும். சாயங்காலம் காபி குடித்துவிட்டு ஐந்தரைக்குக் கிளம்பினால் ராதாநகரில் இருட்டைத்தான் பார்ப்பீர்கள். மூன்று, மூன்றரைக்கே போய் உட்காருங்கள். பதிலுக்கு விடியல் சீக்கிரம் வரும், காலை 6 மணிக்கு நல்ல வெளிச்சத்தில் யாருமில்லாத கரையில் நடக்கலாம்.

ஒரு நாளைக்கு ஒரு வேலை, அவ்வளவுதான் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் ஹேவ்லாக்கின் எலிஃபண்ட் பீச்சில் ஸ்நார்க்கலிங், அதாவது முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டு மேலே மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது. இன்னொரு நாள் ஆசையிருந்தால் காற்று சிலிண்டரோடு கடலுக்குள் மூழ்கும் ஸ்கூபா, நீச்சல் தெரியாதவர்களையும் பயிற்சியாளர் கூடவே கூட்டிப்போவார், ஆஸ்துமா, இதயக் கோளாறு இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஸ்கூபா முடிந்து 18 மணி நேரமாவது விமானம் ஏறக்கூடாது, போர்ட் பிளேரின் கடைசி இரவு இதற்கும் கைகொடுக்கும். மூன்றாம் நாள் ஒன்றும் செய்யாதீர்கள். தீவில் பெரும்பாலும் தேசப் பிரிவினைக்குப் பிறகு குடியேறிய வங்காளிக் குடும்பங்கள், சந்தைப் பக்கத்துச் சின்னக் கடைகளில் கடுகு அரைத்த மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். அமாவாசை ஒட்டிப் போயிருந்தால் இரவில் கயாக் என்னும் சின்னத் துடுப்புப் படகில் கூட்டிப்போய்த் துடுப்புப் படும் இடமெல்லாம் தண்ணீர் நீலமாக மினுங்குவதைக் காட்டுவார்கள், அதற்கு மட்டும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை: அந்தமான் கடலோரங்களில் உவர்நீர் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்திலும், ஓடை கடலில் சேரும் இடத்திலும், இருட்டிய பிறகும் இறங்காதீர்கள். உயிர்காப்பாளர் விசில் ஊதினால் கரையேறிவிடுங்கள்.

6. எதையெல்லாம் வெட்டலாம்

பாராடாங் தீவுப் பயணத்தை முதலில் வெட்டுங்கள். நாள் முழுக்க வண்டியிலும் வரிசையிலும் போய்விடும், தவிர அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காட்டுக்குள் போகிறது. அவர்களைப் படம் எடுப்பது சட்டப்படி குற்றம் என்று தெரிந்தும், பார்க்கலாம் சார் என்று ஆசைகாட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த வியாபாரத்துக்கு நம் காசு போகவேண்டாம். போர்ட் பிளேரின் செல்லுலார் சிறையை மட்டும் வெட்டாதீர்கள், இறங்கிய அன்று மாலையே பார்த்துவிடலாம். அங்கே அபர்தீன் பஜாரில் தமிழ் பேசுகிற கடைக்காரர்கள் நிறைய, இட்லி தோசைக்கும் பஞ்சமில்லை.

7. பையில் என்ன

2020இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தபிறகு இணையம் எவ்வளவோ தேவலை, இருந்தாலும் ஹேவ்லாக்கில் சில மூலைகளில் சிக்னல் போய்விடும், ஜிபே சுற்றிக்கொண்டே நிற்கும். ஏடிஎம்களும் குறைவு, ரொக்கத்தைப் போர்ட் பிளேரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கெட், அறைப் பதிவு எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்திருங்கள். மணல் ஈக்கள் கடிக்கும், கடித்தால் நாள்கணக்கில் அரிக்கும், காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போனால் ஓரளவு தப்பலாம். ஸ்கூட்டர் எடுக்கிறவர்கள் லைசென்ஸை மறக்காதீர்கள்.

கிளம்பும் நாளன்று பிள்ளைகளின் பைகளை ஒருமுறை கொட்டிப் பாருங்கள். கரையில் பொறுக்கிய சிப்பி, பவளத் துண்டு எதையும் எடுத்துப்போக அனுமதியில்லை, விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தால் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். நினைவுக்கு ஏதாவது வேண்டுமென்றால் அனுமதி பெற்ற கடையில் வாங்கி, ரசீதைக் கையிலேயே வைத்திருங்கள்.