தென்மேற்கு மூலை இல்லாத வீடு: என் அனுபவம்

சிங்கப்பூரில் நாங்கள் வாங்கிய வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மறுவிற்பனை வீடு ‘எல்’ வடிவம். தென்மேற்கு மூலை வெட்டுப்பட்டிருந்தது. அது கன்னி மூலையாயிற்றே என்று ஊரிலிருந்து மாமியார் தொலைபேசியில் பதறினார். எதிர்வீட்டுச் சீனப் பாட்டியும் வரைபடத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சீனர்களின் மனை சாஸ்திரமான ஃபெங் சுயியில் தென்மேற்கு மண்ணின் திசை, குடும்பத் தலைவியின் இடம். வாஸ்துவும் ஃபெங் சுயியும் ஒரே மூலையில் கைவைத்தால் நான் எங்கே போவது?

உண்மையிலேயே மூலை குறைகிறதா என்று முதலில் அளந்தோம். நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி அந்தப் பக்கத்தின் பாதி நீளத்துக்குக் குறைவென்றால் அது கூடுதல். பாதிக்கு மேலென்றால்தான் மிச்ச இடம் ‘குறை’. எங்களுடையது குறைதான். திசைகாட்டியை இரும்புக் கதவருகே வைக்காதீர்கள், முள் ஏமாற்றும்.

பரிகாரம், சுவர்க் கண்ணாடி. வெட்டுப்பட்ட பக்கத்தின் உட்சுவரில், இல்லாத இடம் இருப்பதுபோல் தோன்றும்படி மாட்ட வேண்டும். எங்களுக்கு அது சாப்பாட்டு மேசைப் பக்கம் அமைந்தது. படுக்கையறைச் சுவராக இருந்தால் வேறு வழிதான் தேட வேண்டும். கட்டிலைப் பார்க்கும் கண்ணாடி ஆகாது என்பார்கள். கீழே மஞ்சள் விளக்கும் மண்ஜாடியும் வைத்தோம். செடி வைக்கப் போனபோது பாட்டி தடுத்துவிட்டார்: மரம் மண்ணை அடக்குமாம்!

யோகம் கிடக்கட்டும். பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்த அந்தப் பக்கம் எதிர் ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு இப்போது பளிச்சென்று இருக்கிறது. மாமியாருக்கு மட்டும் திருப்தியில்லை. அங்கே ஒரு கனமான பீரோ வைத்தே ஆக வேண்டும் என்கிறார்.